உறுப்பினர் அவையில் இல்லை

கோட்டைமேடு மகப்பேறு மனையை மூடுவதற்கு நான் சம்மதம் கொடுத்துவிட்டேன் என்கிற செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குப்பை வண்டி இரண்டு நாளாக எங்கள் தெருப் பக்கம் வரவில்லை என்று மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜைத்தூன் வந்து நின்றாள். மகப்பேறு மனைக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருப்பவள். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று புரிந்தது.

"போன வாரம் என் கடை முன்னாடி நின்னு என்னக்கா சொன்னீங்க? நான் இருக்கிற வரைக்கும் இந்த ஆஸ்பத்திரியை ஒரு பய தொட முடியாதுன்னீங்க. இப்போ இதைப் பாருங்க."

போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மாநகராட்சியின் செய்தி அறிக்கை. வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டம், நாற்பத்தோராம் பொருள்: கோட்டைமேடு மகப்பேறு மனை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புதிய மருத்துவமனையோடு இணைக்கப்படுகிறது, பழைய கட்டடம் அடுக்குமாடி வாகன நிறுத்தமாகிறது. முப்பத்தேழாவது வார்டு உறுப்பினர் திருமதி சௌந்தரவல்லி மனமார இசைவு தெரிவித்தார். கீழே ஒரு வீடியோ. அதில் நான். என் முகம், என் குரல். அரக்குப் பட்டுப் புடவையில் சிரித்துக்கொண்டு சொல்கிறேன்: "வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

அந்தப் புடவையே என்னிடம் இல்லை. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

"நான் சொல்லலை ஜைத்தூன். சத்தியமா சொல்லலை."

"அப்போ இது யாரு?"

 அவள் குரல் உடைந்துவிட்டது. "என் பொண்ணு பர்வீனுக்கு அடுத்த மாசம் பிரசவத்துக்குத் தேதி குடுத்திருக்காங்கக்கா. போன தடவை இங்க டாக்டர் இல்லேன்னு அக்கரைக்கு அனுப்பினாங்க. பாலத்து நெரிசல்ல ஆட்டோவிலேயே பொறந்துச்சு. மூச்சே விடலை. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்த ஆட்டோவை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அவள் கடை முன்னால் நின்று வாக்குக் கொடுத்தேன். என் வாயால் நானே கொடுத்த முதல் வாக்கு அது.

நான் முதலில் சந்தேகப்பட்டது என் வீட்டுக்காரரை. அதற்குக் காரணம் இருந்தது. "வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது" என்பது அவருடைய வசனம். கல்யாண வீடு, டீக்கடை, துக்க வீடு என்று பாராமல் அதை எடுத்துவிடுவார்.

எங்கள் மருதப்பட்டினத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே கவுன்சிலர் வேறு, கவுன்சிலரம்மா வேறு. வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டதும் என் வீட்டுக்காரர் வைரவன் என் பெயரில் மனுத் தாக்கல் செய்தார். சுவரொட்டியில் கும்பிட்டுக்கொண்டு நிற்பது நான். ஜெயித்த பிறகு கவுன்சிலர் அவர், கவுன்சிலரம்மா நான். கூட்டத்துக்கு நான் போவேன், அவர் மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் தலையாட்டினால் நான் மேஜையைத் தட்டுவேன். மாநகராட்சி உறுப்பினருக்கென்று ஒரு போன் கொடுத்தது. அது முதல் நாளே அவர் சட்டைப் பைக்குள் போய்விட்டது. அரைவாசி மன்றமே பெண்கள்தான். எல்லார் வீட்டிலும் இதுதான் நடைமுறை. அண்ணன், தம்பி, மகன் என்று ஆள் மாறும், அவ்வளவே.

சில வருடமாக மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தவருக்குப் போன வருடம் நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. அலைச்சல் கூடாது, கத்திப் பேசக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அரசியலில் இது இரண்டும் இல்லாமல் என்ன இருக்கிறது? போன் என் கைக்கு வந்தது. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, முதியோர் பென்ஷன் என்று நானே அலைய ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது, இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அவரைவிட நன்றாகச் செய்கிறேன் என்றும் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜைத்தூன் போனதும் உள்ளே வந்தேன். அவர் ஓட்ஸ் கஞ்சியை வெறுப்போடு கிளறிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு வாங்கினீங்க?"

"என்னது?"

"என் பேர்ல சம்மதம் குடுத்திருக்கீங்களே, அதுக்கு. வண்டி நிறுத்தக் காண்டிராக்டர்கிட்ட."

வீடியோவைக் காட்டினேன். கண்ணாடி போட்டு, கண்ணாடி இல்லாமல், தள்ளி வைத்து என்று மூன்று விதமாகப் பார்த்தார்.

"சௌந்தரா, மன்றத்துப் போனை நான் தொடறதே இல்லையே. நீதானே ஒளிச்சு வெச்சிருக்க."

"இது உங்க பேச்சு."

"பேச்சு என்னோடதுதான். ஆனா நான் பேசலை. உன் தாலி மேல சத்தியம்."

என் தாலியின் மேல் அவர் சத்தியம் செய்வது நல்ல வசதி. நான் நம்பவில்லை. அவர் குளிக்கப் போனபோது அவருடைய சொந்த போனைக் குடைந்தேன். பேங்க் பாஸ்புத்தகத்தைப் பார்த்தேன். மாலை நடைப்பயிற்சிக்குப் போனவரின் பின்னாலேயே, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, திருடியைப் போலப் போனேன். பஸ் நிலையத்துப் பின்பக்க டீக்கடையில் ஒதுங்கினார். யாரையோ எதிர்பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்தார்.  அப்புறம் பேப்பரைப் பிரித்து இரண்டு மசால்வடையை அவசர அவசரமாகத் தின்றார். டாக்டர் விலக்கி வைத்த வடை. அவர் செய்த துரோகம் அவ்வளவுதான்.

அப்படியானால் யார்? அந்த வாரம் முழுக்க நான் சந்தேகப்படாத ஆளே இல்லை. மேயர் கனகதாராவின் அண்ணன் என்னைப் பார்த்து ஏன் அவ்வளவு அகலமாகச் சிரிக்கிறார்? பன்னிரண்டாவது வார்டு எஸ்தர் ராணி ஏன் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறாள்? அவளையே மடக்கிக் கேட்டேன்.

"எனக்கும்தான் வீடியோ வருது அக்கா," என்றாள் சாதாரணமாக. "எதுக்கெல்லாமோ இசைவு குடுத்திருக்கேன்னு போடுறாங்க. நல்லாத்தானே பேசுது, என்னைவிட. விடுங்க."

என்னால் விட முடியவில்லை. மன்றச் செயலாளர் நெப்போலியனின் அறைக்குப் போனேன். மூன்று மேயர்களைப் பார்த்த மனிதர். எதைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கு முன் கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார்.

"அது நீங்க இல்லை மேடம். உங்க பிரதி," என்றார்.

"பிரதியா?"

"இசைவுன்னு ஒண்ணு இந்த வருஷத்துல இருந்து வந்திருக்கே, ஞாபகம் இல்லையா? நீங்களும்தான் மேஜையைத் தட்டினீங்க."

தட்டியிருப்பேன். எதற்குத்தான் தட்டவில்லை.

"முன்னாடி கூட்டம் எப்படி நடக்கும்? பொருள் ஒண்ணுல இருந்து அறுபது வரைக்கும்னு மேயர் சொல்வாங்க, எல்லாரும் தட்டுவீங்க, ஆல் பாஸ். அப்புறம் போண்டா. அந்தத் தட்டுற வேலையைத்தான் இப்போ மிஷின் செய்யுது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பிரதி. உங்களை மாதிரியே யோசிக்கும். இந்தப் பொருளுக்கு இவங்க என்ன சொல்வாங்கன்னு அதுகிட்ட கேட்டா சொல்லிரும். மனு வந்தா பதில் போடும், தேவைன்னா புகாரும் குடுக்கும். எல்லாப் பிரதியும் சரின்னு சொல்லிட்டா பொருள் நிறைவேறின மாதிரி."

"நான் சரின்னு சொல்லலையே."

"சொல்லியிருப்பீங்கன்னு அது நினைக்குது."

"என் முகத்தை வெச்சு, என் குரலை வெச்சு யாரோ விளையாடுறாங்க. நான் போலீசுக்குப் போறேன்."

அவர் சிரித்தார். "முகத்தையும் குரலையும் இப்போ யார் மேடம் நம்புறாங்க? பள்ளிக்கூடத்துப் பசங்ககூட போன்ல செஞ்சு தள்ளுறாங்க. போன மன்றத்துல ஒரு உறுப்பினர் துபாய்ல கடை வெச்சுக்கிட்டே இங்க வீடியோவில வந்து பேசிட்டுப் போனாரு. அதுக்கு முன்னாடி..." கதவைப் பார்த்தார். "அதுக்கு முன்னாடி உறுப்பினர் வீட்டு ஆம்பளைங்க அவங்களுக்குப் பதிலா உட்காருறாங்கன்னு கோர்ட்டு வரைக்கும் போச்சு. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க உறுதியா ஒரு வழி செய்யுங்கன்னு உத்தரவு. அதுக்குத்தான் இசைவே வந்துச்சு. முகம், குரல், கைரேகை எதையும் அது கணக்குல எடுக்காது. ஆள் எப்படி யோசிக்கிறாங்க, எதுக்கு இளகுறாங்க, எதுக்கு மழுப்புறாங்க, யாரை எப்படிப் பேசுறாங்க, அதைப் பாக்கும். அதை மட்டும் யாரும் திருட முடியாதுல்ல?"

"என் யோசனை அதுக்கு எப்படித் தெரியும்?"

"மன்றம் குடுத்த போன் இருக்கே. போன வருஷத் தொடக்கம் வரைக்கும் அதுல பேசின பேச்சை வெச்சுதான் பிரதி செஞ்சாங்க. சும்மா மேஜை மேல கிடந்தாலும் அது கேட்டுக்கிட்டுதான் இருக்கும்."

அந்தப் போன் அப்போது யார் சட்டைப் பையில் இருந்தது என்பது ஞாபகம் வந்தது. இருந்தாலும் அதை முழுசாக யோசிக்க நான் தயாராக இல்லை. "எனக்கு அதைப் பார்க்கணும்," என்றேன்.

பக்கத்து அறையில் ஒரு திரையும் ஒரு நாற்காலியும் இருந்தன. நெப்போலியன் ஏதோ தட்டினார். அரக்குப் பட்டுப் புடவையில் நான் வந்து உட்கார்ந்தேன். என் எதிரில் நான். பார்க்க என்னைவிடக் கொஞ்சம் சிவப்பு.

"கோட்டைமேடு மகப்பேறு மனையை எதுக்கு மூடச் சொன்னே?" என்று கேட்டேன்.

அது என்னை உற்றுப் பார்த்தது. பிறகு என் குரலில், மிகவும் பழகிய ஓர் அலுப்போடு, "நீ இங்க எதுக்கு வந்த, சௌந்தரா?" என்றது.

நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டேன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இதெல்லாம் உனக்குப் புரியாது. அக்கரையில பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. இங்க வண்டி நிறுத்த இடம் இல்லாம கடைக்காரங்க திண்டாடுறாங்க. பாத்து செஞ்சுக்கலாம். வளர்ச்சிக்குக் குறுக்க நிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

"பர்வீன் குழந்தை பாலத்துல செத்துப்போச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நீ சும்மா இரு. வீட்டுக்குப் போ." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னது: "மாத்திரை போட்டுட்டேன். கவலைப்படாதே."

போன் அவரிடம் இருந்த அந்த வருடங்களில் அதற்குள் என் குரல் போயிருந்தால், அது இந்த ஒரு கேள்வியாகத்தான் போயிருக்கும்: மாத்திரை போட்டாச்சா? அதை அந்த மிஷின் பத்திரமாக ஞாபகம் வைத்திருந்தது. என் முகத்தாலேயே எனக்குப் பதில் சொன்னது. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

திரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது. பேசுபவர்: உறுப்பினரின் மனைவி.

"உறுப்பினர் நான்தானே?" என்று நெப்போலியனிடம் கேட்டேன். "எனக்கு நானே எப்படி மனைவியாக முடியும்?"

அவர் மூடியிருந்த கதவை மறுபடி ஒரு பார்வை பார்த்தார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"எல்லா அம்மாங்க போனும் யார் பாக்கெட்டுல இருந்துச்சுன்னு இந்தக் கட்டடத்துல தெரியாதவங்க யாரு மேடம்? மிஷின் செஞ்சவங்களுக்கு மட்டும்தான் தெரியாது. அவங்க கேட்கலை. நாங்களும் சொல்லலை."

"மாத்துங்க."

"மாத்தலாம். உறுப்பினர் சம்மதிக்கணும்."

"சம்மதிக்கிறேன்."

அவர் திரையின் அடியில் ஓடிய வரியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "நீங்கதான் உறுப்பினர்னு அது முதல்ல ஒத்துக்கணுமே மேடம்." பிறகு மனம் கேட்காமல், "ஒரு வழி இருக்கு," என்றார். "பட்ஜெட்டை முடிவு பண்ற கூட்டத்துல, அந்த வார்டு உறுப்பினர் மைக்கில மறுக்கிறேன்னு சொன்னா, அந்தப் பொருள் தனியா நிறுத்தி வைக்கப்படும். அப்புறம் விவாதம் நடத்தியே ஆகணும். சொல்லிப் பாருங்க."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பும் கேட்டேன், வடையைப் பார்த்ததையும் சொன்னேன். 

"அப்போ நான் தப்பு ஒண்ணும் பண்ணலை," என்றார்.

"பண்ணலை."

"ஆனா கேட்டிருந்தாங்கன்னா..." மேலே சொல்லத் தயங்கினார். "என்கிட்ட வந்து கேட்டிருந்தாங்கன்னா, நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன் சௌந்தரா. வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான்."

எனக்கு அப்படியே எழுந்து போகவேண்டும்போல் இருந்தது.  உண்மையைச் சொன்ன மனிதரை எப்படித் திட்டுவது?

கூட்டத்தன்று தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. வழக்கம்போல மேலே மாடத்தில் மற்ற ஆண்களோடு போய் உட்கார்ந்தார். மேயரின் அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தார்.

நாற்பத்தோராம் பொருள் வந்ததும் எழுந்து மைக் பொத்தானை அழுத்தினேன்.  அதுவரை மன்றத்தில் நான் பேசியதே இல்லை.

"வணக்கத்திற்குரிய மேயர் அவர்களே. முப்பத்தேழாவது வார்டு. இந்தப் பொருளை நான் மறுக்கிறேன். எங்க வார்டுப் பொம்பளைங்க பிரசவ வலியோட அந்தப் பாலத்தைத் தாண்ட முடியாது. ஒரு குழந்தை ஏற்கெனவே போயிருக்கு."

மேயரின் தலைக்கு மேலே இருந்த திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு எழுத்து வந்தது: அடையாளம் பொருந்தவில்லை. உறுப்பினர் அவையில் இல்லை.

"நான் இங்கதானே நிக்கிறேன்!" என்றேன்.

உறுப்பினர் அவையில் இல்லை.

யாரோ சிரித்தார்கள். எஸ்தர் ராணி சிரிக்கவில்லை. அவள் தன் பொத்தானை அழுத்தி, "அவங்கதான் சௌந்தரவல்லி. எனக்குத் தெரியும்," என்றாள். திரை அவளையும் பார்த்தது. பன்னிரண்டாவது வார்டு: அடையாளம் பொருந்தவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. பின்வரிசையில் ஒருத்தி எழுந்து தன் பெயரைச் சொன்னாள். இல்லை. அடுத்தவள். இல்லை. அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் ஓய்ந்துபோனது.

மேயர் கனகதாரா குழம்பிப்போய் செயலாளரைப் பார்த்தார். "பாதிப் பேர் இல்லேன்னா கூட்டம் நடத்த வேண்டிய கோரமே இல்லையே. அப்போ கூட்டம் எப்படி நடக்குது?"

நெப்போலியன் எழுந்து, இருக்கை வரைபடத்தைத் திரையில் திறந்தார். அவரும் அதை எதிர்பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். வந்திருக்கும் உறுப்பினர்களுக்குப் பச்சைப் புள்ளி. கீழே ஆண் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்த இடங்களில் புள்ளி இருந்தது. எங்கள் நாற்காலிகள் காலி. எங்கள் புள்ளிகள் எல்லாம் மேலே, பார்வையாளர் மாடத்தில், மூன்று வரிசையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. மாடத்திலும் மைக் இருக்கிறது, கலாட்டா செய்பவர்களைப் பிடிப்பதற்காக. மேயர் நாற்காலிக்கும் புள்ளி இல்லை. அது அவருடைய அண்ணனின் மேல் இருந்தது. அண்ணன் மெல்ல இடம் மாறி உட்கார்ந்தார். புள்ளியும் கூடவே போனது.

ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வந்த மிஷின், மாறாட்டத்தையே ஆளாக எடுத்துக்கொண்டிருந்தது. மேயர் தண்ணீர் குடித்தார். "அடுத்த..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். திரையில் நாற்பத்தோராம் பொருள் மறுப்பின்றி நிறைவேற இன்னும் சற்று நேரமே இருந்தது.

நான் தலையை உயர்த்தி மாடத்தைப் பார்த்தேன். என் புள்ளி அங்கே இருந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு. எனக்கு வேறு வழி இல்லை. இத்தனை பேர் நடுவில் அதைக் கேட்பது செருப்பால் அடி வாங்குவதுபோல் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"என்னங்க, நீங்க சொல்லுங்க!"

அவர் மாடத்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "முப்பத்தேழாவது வார்டு. நாற்பத்தொண்ணாம் பொருளை மறுக்கிறேன்."

திரை விட்டு விட்டு மின்னியது. முப்பத்தேழாவது வார்டு: உறுப்பினர் பேசுகிறார். பச்சை அப்படியே இருந்தது. எஸ்தர் ராணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பொருள் நின்றுவிடும் என்று நினைத்தேன். அதோடு அவர் உட்கார்ந்திருக்கலாம்.

அவர் உட்காரவில்லை. "என் வீட்டுல சொன்னாங்க," என்றார். குரல் கரகரத்தது. "அவங்க சொல்றதுதான் சரி. எனக்கு இது புரியலை. நான் யோசிச்சது தப்பு."

புள்ளி மஞ்சளாகி அணைந்தது. பேச்சு உறுப்பினரின் இயல்போடு பொருந்தவில்லை. உறுப்பினர் அவையில் இல்லை. பிரதியின் இசைவு ஏற்கப்படுகிறது.

நாற்பத்தோராம் பொருள் ஏகமனதாக நிறைவேறியது.

படியிறங்கி வந்தவரைப் பார்த்து, "ஒரு வார்த்தையோட நிறுத்தத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவை நான் சொல்வதைச் சரி என்று சொன்னார், அதுவும் அதைச் சொல்லவே கூடாத இடத்தில். கத்திக்கொண்டே அழுதேன். அவர் பக்கத்திலேயே நின்றார்.

கட்டில்களை ஏற்றிப்போக லாரி வந்த அன்று மகப்பேறு மனையின் வாசலில் நாங்கள் உட்கார்ந்தோம். ஜைத்தூன், அவள் மகள் பர்வீன், தெருவில் பாதிப் பெண்கள். பர்வீனுக்கு நாற்காலி போட்டிருந்தோம். நான் முதல் வரிசையில் தரையில். என் வீட்டுக்காரர் டாக்டர் சொன்னதை எல்லாம் காற்றில் விட்டுவிட்டு என் பக்கத்தில் வெயிலில்.

போலீஸ் ஜீப்பும் பின்னால் ஒரு வேனும் வந்தன. இன்ஸ்பெக்டர் இறங்கியதும் நேராக அவரிடம் போய் சல்யூட் வைக்காத குறையாகக் குனிந்தார். "என்ன கவுன்சிலர் சார், நீங்களே இப்படி உட்காரலாமா?"

பிறகு கையிலிருந்த போனைப் பார்த்துப் படித்தார். வார்டு உறுப்பினர் திருமதி சௌந்தரவல்லி புகார் கொடுத்திருக்கிறார். தன் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு பெண்மணி மக்களைத் தூண்டிவிடுகிறார். வளர்ச்சிப் பணிக்கு இடையூறு. உடனே நடவடிக்கை தேவை.

"நான்தான் சார் சௌந்தரவல்லி," என்றேன்.

"அப்படித்தான் சொல்வாங்கன்னு புகார்லயே இருக்குதும்மா." அவருக்கே சங்கடமாக இருந்தது. நான் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டில் காபி குடித்திருக்கிறார். "எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? சிஸ்டம் ஒத்துக்கலையே. சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. கவுன்சிலர்ங்கிற முறையில இந்த வாசலைக் காலி பண்ணச் சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

பெண்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். நானும்தான்.

அவர் கையை ஊன்றி எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "கவுன்சிலர் இவங்க," என்றார். "நான் இவங்க வீட்டுக்காரர்."

இன்ஸ்பெக்டர் போனை அவர் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அது தன் தீர்ப்பைச் சொன்னது: அடையாளம் பொருந்தவில்லை. இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"அப்போ ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க."

ஜைத்தூன் எழுந்து எங்கள் இடத்தில், முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். லாரிக்காரன் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தான். வேன் கதவுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஒதுங்கி நின்றார். நான் முதலில் ஏறினேன்.